மோனிஸ் விட்டுச்சென்ற இரண்டு பாடங்கள்

ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் ஓர் அறைக்குள் அடங்கும் எக்ஸ் கதிர்க் கருவி இயங்கிவருகிறது. விரைந்தோடும் எலெக்ட்ரான்களின் மீது லேசர் ஒளியை மோதவிட்டு, ஏறத்தாழ ஒரே ஆற்றல் கொண்ட கதிர்களை அது உண்டாக்குகிறது. இத்தகைய கதிர்களுக்கு முன்பு பல நூறு மீட்டர் சுற்றளவுள்ள சின்க்ரோட்ரான்களை நாட வேண்டியிருந்தது. கதிரின் ஆற்றல் 33.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டும்போது, அயோடின் அதை மிகுதியாக உட்கவர்கிறது. ஆகவே, குறைந்த அளவு அயோடின் செலுத்தியே ரத்தநாளங்களைத் துலக்கமாகப் படம்பிடிக்கலாம் என ஆய்வாளர்கள் எதிர்பார்க்கின்றனர். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அது பெரும் ஆறுதல்.

இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது, மூளையின் ரத்தநாளங்களை அயோடினால் முதலில் காட்டிய எகாஸ் மோனிஸையே நான் நினைத்துக்கொள்கிறேன். 1874-ல் போர்ச்சுகலின் அவான்கா என்னும் ஊரில் பிறந்தவர்; லிஸ்பனில் நரம்பியல் பேராசிரியர்; 1918-ல் நாட்டின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். அரசியலிலிருந்து விலகிய பிறகு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில்தான் இந்த ஆய்வில் இறங்கினார். கீல்வாதத்தால் கைகள் முடங்கியிருந்ததால், ஊசி செலுத்தும் பணியை இளம் மருத்துவர் அல்மெய்தா லிமா ஏற்றார். முதலில் சடலங்களிலும் விலங்குகளிலும் சோதித்தனர். ஸ்ட்ரான்சியம் புரோமைடு செலுத்தப்பட்ட நோயாளி ஒருவர் இறந்தபோது, மோனிஸ் அதைக் கைவிட்டு 25 விழுக்காடு சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார். 1927 ஜூன் 28 அன்று, உயிருள்ள மனிதரின் மூளை நாளங்கள் படத்தில் தெளிந்தன.

அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ வேறொன்றுக்கு. மனநோய்க்காக மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையை அவர் 1935-ல் தொடங்கினார். நீண்டகால விளைவுகளை அறியக் காத்திராமல், சில மாதங்களிலேயே இருபது நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் வேறு வடிவெடுத்த அச்சிகிச்சை, பல்லாயிரம் பேரின் ஆளுமையைச் சிதைத்தது. 1949-ல் பரிசு அதற்கே சென்றது. 1955-ல் மோனிஸ் மறைந்தார்.

இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். ஒன்றில் ஒரு மரணம் அவரைத் தடுத்து நிறுத்தித் திருத்தியது. மற்றொன்றில் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. பரிசு பெறாத கண்டுபிடிப்பு இன்றும் உயிர்களைக் காக்கிறது. பரிசு பெற்றதை மருத்துவம் கைவிட்டுவிட்டது. இன்னும் ஆய்வகத்திலேயே இருக்கும் புதிய கதிர்க் கருவிகளை நோயாளிகளிடம் கொண்டுசெல்ல அவசரப்படுவோர், 1927-இன் மோனிஸைப் பின்பற்றட்டும். 1935-இன் மோனிஸை எச்சரிக்கையாகக் கொள்ளட்டும்.