குறையே குணமான கதை!

கிடார் வாசிக்கத் தெரியாத ஒருவர்தான் மின்கிடாரின் வரலாற்றை மாற்றி எழுதினார். அவர் கல்லூரியில் பயின்றது மின்னியலோ இசையோ அல்ல, கணக்கியல். லியோ ஃபெண்டர் என்னும் அந்த அமெரிக்கரின் வாழ்க்கை, பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு பொருளின் மதிப்பைத் தீர்மானிப்பது அதைச் செய்தவரா, பயன்படுத்துபவரா என்ற பழைய கேள்விக்கு அந்த வாழ்க்கையில் தெளிவான விடை இருக்கிறது.

1909 ஆகஸ்ட் 10 அன்று, கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார் லியோ. சிறுவயதிலேயே கட்டி ஒன்றினால் ஒரு கண்ணை இழந்தார். பள்ளிப் பருவத்தில் வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கப் பழகினார். பின்னர் கணக்கராகப் பணியாற்றினார். 1930-களின் பெருமந்தம் அந்த வேலையைப் பறித்தது. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார்.

அந்தக் கடைதான் அவருடைய ஆய்வகம். உள்ளூர் இசைக்கலைஞர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்க அங்கே கொண்டுவந்தனர். எந்தப் பாகம் அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதை அவர் தம் கைகளாலேயே கற்றுக்கொண்டார். 1940-களின் நடுவில் கருவிகளைத் தாமே தயாரிக்கத் தொடங்கினார். 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிடாரும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் பழுதுபார்ப்பவரின் சிந்தனையில் பிறந்தவை. மரபான கிடாரில் கழுத்துப் பகுதி உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஃபெண்டர் அதைத் திருகாணிகளால் பொருத்தினார். கழுத்து பழுதானால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தொழிற்சாலையிலும் விரைவாகச் செய்யலாம்.

தம் ஆம்ப்ளிஃபயர்களில் அவர் நாடியது தூய ஒலி. கிடாரின் நாதம் உருக்குலையாமல், உரக்க ஒலிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் வால்வுகளின் திறனுக்கு மேல் ஒலியைக் கூட்டினால் மின்னலையின் முகடுகள் தட்டையாகிவிடும். மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். ஒலி கரகரத்துத் தடிக்கும். பொறியியலின் கண்ணில் இது பிழை. இளம் கலைஞர்களின் செவியிலோ உணர்ச்சியின் குரல். அவர் விலக்க முயன்றதை அவர்கள் குமிழை முழுவதும் திருகித் தேடிச் சென்றனர்.

அடுத்த திருப்பம் கடல் கடந்து நிகழ்ந்தது. பாஸ் கிடாருக்கென ஃபெண்டர் வடிவமைத்த பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரை முன்மாதிரியாகக் கொண்டு, 1962-இல் லண்டனில் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷலும் அவருடைய தோழர்களும் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினர். சுற்று ஏறத்தாழ அதுவே. வால்வு, ஒலிபெருக்கி போன்ற பாகங்கள் வேறு. ஒலியின் குணமே மாறிற்று. அங்கிருந்து ராக் இசையின் புதிய ஓசை எழுந்தது.

அந்தக் கரகரப்புக்காக ஆம்ப்ளிஃபயரை ஊரே அதிர ஒலிக்கவிட வேண்டியிருந்தது. இந்த இடரைத் தீர்க்க வந்தவையே ஓவர்டிரைவ் பெடல்கள். காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டி, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும். உள்ளே டையோடுகள் அலையின் முகடுகளை மென்மையாக மழிக்கின்றன. 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் இவற்றைப் பரவலாக்கின. இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் இப்பெட்டிகளைத் திறந்து, ஒரு டையோடை மாற்றுகிறார்கள்; ஒரு மின்தேக்கியைப் பெரிதாக்கிப் பற்றவைக்கிறார்கள். சில ரூபாய் பெறுமான பாகம் ஒலியின் முகத்தையே மாற்றிவிடுகிறது. இவ்வாறு வீட்டு மேசையில் தொடங்கிச் சிறு தொழில்முனைவோராக வளர்ந்தவர்கள் பலர்.

ஃபெண்டர் 1965 ஜனவரியில், உடல்நலக் குறைவினால் தம் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றார். பெருமூலதனம் வந்தது; தரம் தாழ்ந்தது என்ற மனக்குறையும் கலைஞர்களிடையே எழுந்தது. விற்பனைக்கு முந்தைய கருவிகளை இன்றும் சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர். அவரோ ஓய்ந்திருக்கவில்லை. மியூசிக் மேன், ஜி அண்ட் எல் என்னும் நிறுவனங்களில் புதிய கருவிகளை வடிவமைத்தார். பார்க்கின்சன் நோயால் தளர்ந்தும் பணிமேசையை விட்டகலாத அவர், 1991 மார்ச் 21 அன்று மறைந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்றே. புதுமைக்கு மூலதனமும் ஆய்வகமும் வேண்டும் என்கிறோம், சரிதான். ஆனால் திறந்து பார்க்க முடிகிற பொருளும் வேண்டும். ஃபெண்டர் வானொலிப் பெட்டியைத் திறந்ததால் தொழிலைக் கற்றார். பிறர் அவருடைய பெட்டியைத் திறந்ததால் புதிய இசை பிறந்தது. இன்றோ கைப்பேசியிலிருந்து பண்ணை எந்திரம் வரை, வாங்கியவரே திறக்க முடியாதவாறு பசையாலும் மென்பொருளாலும் பூட்டப்படுகின்றன. இதை வெறும் நுகர்வோர் செலவுப் பிரச்னையாகக் காண்பது போதாது. பழுதுபார்க்கும் உரிமை பறிபோகும்போது, பழுதுபார்ப்பவரிடமிருந்து பிறக்கக்கூடிய நாளைய தொழிலும் சேர்ந்தே பறிபோகிறது. சட்டம் இயற்றுவோர் அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.