கரும்பின் குரோமோசோமை எண்ணியவர்

எங்கள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற வழியில் கரும்புக் கொல்லையைப் பார்க்காமல் வர முடியாது. ரகம் என்னவென்று கேட்டால் 'கோ' என்று ஆரம்பித்து ஒரு நம்பர் சொல்வார்கள். கோ என்றால் கோயம்புத்தூர். 1912-இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை மைக்ரோஸ்கோப்பும் கையுமாக இருந்த ஈ.கே. ஜானகி அம்மாளைப் பற்றி நம் மலரில் எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. நான் மெக்கானிக்கல்காரன். பாட்டனி படித்த நண்பர்கள் சிரிக்காமல் படிக்கவும்!

பிறந்தது தலச்சேரியில், 1897-இல். தந்தை சப்-ஜட்ஜ். படிக்க வந்தது சென்னைக்கு. ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-இல் டாக்டர் பட்டம். அந்தக் காலத்தில் பெண்பிள்ளையைக் கப்பல் ஏற்றிப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்?

கோவையில் அவருக்கு வாய்த்தது சிக்கலான செடி. இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம். ஆற்றங்கரை நாணலில் 40 முதல் 128 வரை, இடத்துக்கு இடம் மாறும். நோய் தாங்கும் சக்தி நாணலிடம், சர்க்கரை கரும்பிடம். இரண்டையும் சேர்த்துத்தான் கோவை ரகங்களே வந்தன. ஜானகி அம்மாள் இன்னும் தள்ளிப் போய், கரும்பை மக்காச்சோளத்தோடுகூட ஒட்டுக்கலப்பு செய்து பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாத பெண், தாழ்ந்ததாக அன்று எண்ணப்பட்ட தீயர் சமூகம். ஆண்கள் மட்டுமே நிறைந்த அந்த உலகத்தில் அது லேசாக இருக்கவில்லை.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். யுத்தம் வந்துவிட்டது, அங்கேயே தங்கிவிட்டார். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த வருஷங்களில் ஜான் இன்னஸ் நிலையத்தில் வேலை. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணையை 1945-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அடுத்து விஸ்லி தோட்டத்தில் கால்சிசின் என்ற விஷத்தை வைத்து மக்னோலியா முதலான செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம்மூர் வேலியில் படர்கிற செங்காந்தள் இருக்கிறதே, அதன் கிழங்கிலும் அதே விஷம்தான்.

இரட்டிப்பது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். செல் பிரியும் முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே ஒரு பிரதி எடுத்து, அதோடு ஒட்டியே நிற்கும். இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து பிடித்து இழுக்கும். கால்சிசின் அந்த இழைகளை உருவாகவே விடாது. இழுக்க ஆளில்லாமல் இரண்டு பங்கும் ஒரே உட்கருவில் தங்கிவிடும். அப்படி நிற்கும்போது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கைகால் விரிந்து நடுவில் மட்டும் ஒட்டிய எக்ஸ் வடிவம் தெரியும்.

நடுவில் ஒட்டவைப்பது எது? அதற்கு விடை கொடுத்தது பன்னை உப்ப வைக்கிற ஈஸ்ட். அதற்குக் குரோமோசோம் 16-தான். 1997-இல் வியன்னாவில் கிம் நாஸ்மித் குழுவும், அமெரிக்காவில் டக்ளஸ் கோஷ்லண்ட் குழுவும் அந்தப் பசைப் புரதத்தைத் தனித்தனியாகக் கண்டார்கள். பெயர் கோஹீசின். வளையம் மாதிரி இரண்டு இழையையும் சுற்றிப் பிடிக்கிறது. நம் பாஷையில் சொன்னால் ஒரு கிளாம்ப். ஆனால் கழற்றுவது ஸ்பேனரால் அல்ல, செபரேஸ் என்ற கத்திரியால் வெட்டித்தான். எல்லாக் குரோமோசோமிலும் இழை மாட்டியாகிவிட்டது என்று உறுதியாகும்வரை கத்திரியைப் பூட்டியே வைத்திருக்கும் இன்டர்லாக்கும் உண்டு. எந்த டிசைன் ஆபீஸும் பொறாமைப்படும்! ஈஸ்ட்டில் பார்த்த இதே கிளாம்ப்பும் கத்திரியும் இன்டர்லாக்கும் கரும்பிலும், நமக்குள்ளும் உண்டு; ஆனால் இங்கே கைகால்களில் இருக்கும் கிளாம்ப்புகளில் பெரும்பகுதி வெட்டுப்படாமலே முன்கூட்டிக் கழன்றுவிடும், கத்திரி வெட்டுவது முக்கியமாக நடுவில் மிஞ்சியதை.

ஜானகி அம்மாள் இதைக் கேள்விப்பட இருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் எண்ணிய குரோமோசோம்களின் நடுவில் இருந்த அந்தப் பிடிக்கு, அவர் காலமாகி 13 வருஷம் கழித்துத்தான் பெயர் கிடைத்தது.

1951-இல் நேரு அழைப்பின் பேரில் திரும்பி வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீர்படுத்தும் பணியை ஏற்றார். 1970-இல் சென்னை. பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுத் தோட்டத்தில் மூலிகைகளோடு வேலை. 1977-இல் பத்மஸ்ரீ. எண்பது வயதில் கேரளத்து சைலன்ட் வேலிக் காட்டை அணைக்குப் பலி கொடுக்கக்கூடாது என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி காலமானார். அந்த வருஷம் நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆயிற்று.