எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் வைப டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 – ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். கோட்டுரு ஒன்றில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைக் காணும் படிமுறை இவர் பெயரால் டைக்ஸ்ட்ரா படிமுறை என அழைக்கப்படுகிறது. கட்டுறு நிரலாக்கம் என்னும் முறையின் முன்னோடிகளுள் இவரும் ஒருவர். மனித மூளையின் கொள்ளளவு சிறியது, ஆகவே நிரலும் அதற்குள் அடங்கும்படி எழுதப்பட வேண்டும் என்பதே இவர் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்தாகும். 1972 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். நெதர்லாந்து வேதியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். தாயார் கணிதம் பயின்றவர். எனினும் ஊதியப் பணி எதிலும் அமர்ந்ததில்லை. நீண்டு செல்லும் நிறுவல் தவறான வழியில் செல்வதற்கு அறிகுறி என்னும் உணர்வைத் தம் தாயாரிடமிருந்தே பெற்றதாக டைக்ஸ்ட்ரா பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். பள்ளிப் பருவத்தில் சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் சார்பாளராக வேண்டும் என எண்ணியிருந்தார். ஆனால் 1948 இல் பள்ளிப் படிப்பை முடித்தபின் பெற்றோரின் அறிவுரைப்படி லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயிலச் சேர்ந்தார்.

1951 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் நடத்திய மூன்று வார நிரலாக்கப் பயிற்சியில் கலந்துகொண்டார். அதன் பயனாக 1952 மார்ச் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பகுதிநேர நிரலாளராக அமர்ந்தார். அந்நாட்டில் நிரலாளர் என்ற பெயரில் பணியில் அமர்ந்த முதல் ஆள் இவரே எனக் கருதப்படுகிறது. இயற்பியலாளராவதா நிரலாளராவதா என்ற தயக்கம் இவருக்குச் சில ஆண்டுகள் இருந்தது. நிரலாக்கம் ஒரு துறையாகவே அப்போது மதிக்கப்படவில்லை. மையத்தில் இவருக்கு மேலாளராக இருந்த ஏட்ரியன் வான் வைன்கார்டன், கணினிகள் நிலைத்து நிற்கப் போகின்றன என்றும், நிரலாக்கத்தை மதிப்புக்குரிய துறையாக்குபவருள் இவரும் ஒருவராகலாம் என்றும் கூறியதன் பின்னரே டைக்ஸ்ட்ரா முடிவுக்கு வந்தார்.

1957 இல் மரியா டெபெட்ஸ் என்பவரை மணந்தார். திருமணப் பதிவேட்டில் தொழிலைக் குறிக்க வேண்டியிருந்தது. நிரலாளர் என்றொரு தொழில் இல்லை என அதிகாரிகள் ஏற்க மறுத்ததால், கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுத நேர்ந்தது.

குறுகிய வழிப் படிமுறை

1956 இல் கணித மையம் ஆர்மாக் என்னும் புதிய கணினியைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. கணிதம் அறியாதவரும் புரிந்துகொள்ளக்கூடிய கேள்வி ஒன்றைக் கணினி தீர்ப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்லக் குறுகிய வழி எது என்ற கேள்வியை டைக்ஸ்ட்ரா தெரிந்தெடுத்தார். மரியாவுடன் கடைத்தெருவுக்குச் சென்று களைத்துத் தேநீர்க் கடை ஒன்றின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஏறத்தாழ 20 நிமிடத்தில், தாளோ எழுதுகோலோ இன்றி, இதற்கான தீர்வைக் கண்டதாக அவரே கூறியுள்ளார். கையில் தாள் இல்லாததால் தவிர்க்கக்கூடிய சிக்கல்கள் அனைத்தையும் தவிர்க்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது என்பது அவரது விளக்கம். இத்தீர்வு 1959 இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது.

இப்படிமுறையை நம் ஊர்ச் சாலைகளைக் கொண்டு விளக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவில் அமைந்துள்ளது. இங்கிருந்து ஒரு சாலை மதுரைத் திசையிலும், ஒன்று வத்திராயிருப்புக்கும், ஒன்று திருவில்லிபுத்தூருக்கும் செல்கின்றன. திருவில்லிபுத்தூரை அடைந்தபின் இராசபாளையத்துக்கும் சிவகாசிக்கும் வழி பிரிகிறது. தொடங்கும் ஊரின் தொலைவைச் சுழி எனவும், ஏனைய ஊர்களின் தொலைவை முடிவிலி எனவும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், இதுவரை முடிவு செய்யப்படாத ஊர்களுள் மிக அருகில் உள்ளதைத் தேர்ந்து அதன் தொலைவை உறுதி செய்ய வேண்டும். அவ்வூர் வழியாகச் சென்றால் அதன் அண்டை ஊர்களின் தொலைவு குறையுமாயின் திருத்த வேண்டும். எல்லா ஊர்களும் முடிவாகும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்தால் போதும். மிக அருகிலுள்ள ஊருக்கு வேறு ஊர் சுற்றிச் செல்லும் குறுக்குவழி இருக்க முடியாது, ஏனெனில் எந்தச் சாலையின் நீளமும் சுழிக்குக் கீழே போவதில்லை. படிமுறை சரி என்பதற்கான நிறுவலின் சாரம் இதுவே. கிருஷ்ணன்கோவிலில் 1984 இல் கல்லூரியாகத் தொடங்கி 2006 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனம் உட்படப் பொறியியல் கல்வி நிலையங்களில் கணினி பயில்வோர் டைக்ஸ்ட்ராவின் பெயரை முதலில் அறிவது பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

1960 இல் யாப் சோன்னவெல்டு என்பவருடன் இணைந்து ஆல்கால் 60 மொழிக்கான நிரல்மொழிமாற்றியை உருவாக்கினார். வேலை முடியும்வரை முகம் மழிப்பதில்லை என இருவரும் உறுதி பூண்டனர். முடிந்ததும் சோன்னவெல்டு மழித்துக்கொண்டார். டைக்ஸ்ட்ரா தாடியை இறுதிவரை வைத்துக்கொண்டார்.

ஐந்தோவனில்

1962 இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அங்கு ஒரு சிறு குழுவுடன் தி.எச்.இ. என்னும் பல்நிரல் இயங்குதளத்தை எக்ஸ்-8 கணினிக்காக உருவாக்கினார். இயங்குதளம் முழுவதும் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்குகளை மட்டும் நம்பி இயங்கும். ஆகவே கீழடுக்கைச் சரிபார்த்து முடித்தபின் மேலடுக்கை எழுதும்போது கீழே நடப்பதை நினைவில் சுமக்க வேண்டியதில்லை. ஒரே வளத்துக்குப் போட்டியிடும் நிகழ்முறைகளை ஒழுங்குபடுத்தும் செமஃபோர் என்னும் கருவியும் இக்காலத்தில் இவர் வகுத்ததே. இருப்புப்பாதைக் கைகாட்டியிலிருந்து அப்பெயர் வந்தது.

அடுக்கு முறையின் தேவையை அவர் எளிய கணக்கு ஒன்றால் விளக்கினார். பல உறுப்புகள் கொண்ட நிரலில் ஒவ்வோர் உறுப்பும் சரியாக இருக்கும் நிகழ்தகவை உறுப்புகளின் எண்ணிக்கை அளவுக்குப் பெருக்கினால்தான் முழு நிரலும் சரியாக இருக்கும் நிகழ்தகவு கிடைக்கும். ஓர் உறுப்பு 99 விழுக்காடு நம்பத்தக்கது என்று கொண்டாலும், 100 உறுப்புகள் சேரும்போது முழு நிரலின் நம்பகம் ஏறத்தாழ 37 விழுக்காடாகச் சரிகிறது. ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. 27 இரும எண்களைக் கொண்ட இரு எண்களைப் பெருக்கும் கருவியை எல்லா எண்களுக்கும் சோதிக்க முனைந்தால், அக்காலக் கணினியின் வேகத்தில் 10,000 ஆண்டுகளுக்கு மேலாகும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை எனக் காட்ட முடியாது என்பது இதிலிருந்து அவர் பெற்ற முடிவு.

கோ டு கூற்று பற்றிய மடல்

அக்கால நிரல்களில் ஒரு வரியிலிருந்து வேறொரு வரிக்குத் தாவச் செய்யும் கோ டு கூற்று தாராளமாகப் பயன்பட்டு வந்தது. இதற்கு எதிராக டைக்ஸ்ட்ரா எழுதிய கட்டுரையை அமெரிக்கக் கணினிக் கழகத்தின் இதழ் 1968 மார்ச்சில் ஆசிரியருக்கு மடலாக வெளியிட்டது. கோ டு கூற்றுக்கு எதிரான வாதம் என்ற பொருளில் அவர் இட்ட தலைப்பை மாற்றி, அது தீங்கானது எனப் பொருள்படும் கடுமையான தலைப்பை இட்டவர் அவ்விதழின் பொறுப்பில் இருந்த நிக்லாஸ் விர்த் ஆவார். இன்று எல்லாரும் அறிந்திருப்பது அத்தலைப்பைத்தான். மடலைப் படித்தவர் குறைவு.

மடலின் வாதம் நிரலின் அழகைப் பற்றியதன்று, படிப்பவரின் நிலையைப் பற்றியது. தாளில் உள்ள நிரல் அசையாதது; கணினியில் நிகழும் செயல்முறை காலத்தில் ஓடுவது. அசையாத உறவுகளை மனித அறிவு எளிதில் பற்றிக்கொள்ளும். ஓடும் நிகழ்வை மனக்கண்ணில் தொடர்வதில் அது வலுக்குறைந்தது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான தொலைவைக் குறைப்பதே நிரலாளரின் கடமை. வரிசை, தெரிவு, சுழற்சி ஆகிய அமைப்புகளை மட்டும் கொண்ட நிரலில், எந்த வரியில் நிற்கிறோம், சுழற்சி எத்தனையாவது சுற்றில் உள்ளது என்பவற்றைச் சொன்னால் செயல்முறை எவ்வளவு முன்னேறியுள்ளது என்பது விளங்கிவிடும். கட்டற்ற தாவல்கள் நுழைந்தால் அத்தகைய அடையாளம் எதையும் பயனுள்ள வகையில் கூற முடியாது.

எந்த நிரலையும் தாவல் இன்றி எழுத இயலும் என்பதைக் கொராடோ போம், ஜுசெப்பே யாகோபினி ஆகிய இத்தாலியர் 1966 இல் நிறுவியிருந்தனர். இம்முடிவைச் சுட்டிக்காட்டிய டைக்ஸ்ட்ரா, இருக்கும் நிரலை இயந்திர முறையில் அவ்வாறு மாற்றுவதைப் பரிந்துரைக்கவில்லை. அப்படிக் கிடைப்பது பழையதைவிடத் தெளிவாக இருக்கும் என எதிர்பார்க்க இயலாது எனவும் அதே மடலில் எச்சரித்தார். கோ டு என்ற சொல்லை நீக்கி, அதன் இடத்தில் நாலைந்து கொடி மாறிகளை வைத்துவிட்டுக் கட்டுறு நிரல் எனப் பெயரிட்டவர்கள் இவ்வெச்சரிக்கையைக் கவனிக்கவில்லை.

மடல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. டொனால்ட் கனூத் 1974 இல் எழுதிய நீண்ட கட்டுரையில் தாவல் பயன்தரும் இடங்களையும் எடுத்துக்காட்டினார். லினக்சு கருவில் பிழை நேரும்போது பெற்ற வளங்களைத் திருப்பித் தந்து வெளியேறுவதற்கு இன்றும் இக்கூற்று பயன்படுகிறது. சாவா மொழியோ இச்சொல்லை ஒதுக்கி வைத்துக்கொண்டு பயன்பாட்டுக்குத் தரவில்லை.

1972 இல் ஓலே-யோகான் டால், டோனி ஹோர் ஆகியோருடன் இவர் எழுதிய கட்டுறு நிரலாக்கம் பற்றிய நூல் வெளிவந்தது. நிரலின் ஒரு கூறை ஆராயும்போது ஏனையவற்றைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் முறைக்குக் கவலைகளைப் பிரித்தல் என்ற பொருளில் 1974 இல் இவர் இட்ட பெயர் மென்பொருள் பொறியியலில் நிலைபெற்றுள்ளது.

சிக்கலை அளத்தல்

நிரலின் சிக்கலை எண்ணால் அளக்கும் முயற்சிகள் இவ்விவாதத்தைத் தொடர்ந்து வலுப்பெற்றன. 1976 இல் தாமசு மெக்கேப் என்னும் அமெரிக்கர் நிரலின் ஓட்டத்தைக் கோட்டுருவாக வரைந்து, விளிம்புகளின் எண்ணிக்கையிலிருந்து கணுக்களின் எண்ணிக்கையைக் கழித்து 2 ஐக் கூட்டும் அளவையை முன்வைத்தார். நடைமுறையில், முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் இவ்வெண் கிடைக்கும். மூன்று நிபந்தனைகளும் ஒரு சுழற்சியும் கொண்ட செயற்கூற்றின் அளவு 5 ஆகும். 10 ஐத் தாண்டினால் அதைப் பிரித்து எழுத வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். ஒரே கட்டுரையில் அவர் இரண்டாவது அளவை ஒன்றையும் தந்தார். கட்டுறு அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டே சென்றால் எஞ்சுவது எவ்வளவு என அது கேட்கிறது. முழுமையாகக் கட்டுறு முறையில் எழுதப்பட்ட நிரலுக்கு விடை 1. கண்டபடி தாவும் நிரலுக்கு அது கூடும். டைக்ஸ்ட்ராவின் மடல் சொல்லால் கூறியதற்கு எண் வடிவம் தந்த அளவை இது எனலாம். 1977 இல் மோரிஸ் ஆல்ஸ்டெட் செயற்குறிகளையும் செயலேற்பிகளையும் எண்ணும் மற்றொரு முறையை நூலாக வெளியிட்டார்.

இத்தகைய எண்கள் படிப்பதற்குரிய எளிமையை முழுதும் காட்டுவதில்லை. பன்னிரண்டு மாதங்களுக்கும் நாட்களைத் தரும் நீண்ட தெரிவுப் பட்டியல் 10 ஐத் தாண்டிவிடும். ஆனால் பள்ளி மாணவரும் அதைப் படிப்பார். மெக்கேபே இத்தகைய பட்டியலுக்கு விலக்கு அளித்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுழற்சிகள் கொண்ட நிரலின் அளவோ 4 தான்.

டைக்ஸ்ட்ரா வேறொரு பக்கத்திலிருந்து இதை நோக்கினார். எழுதிய வரிகளின் எண்ணிக்கையால் நிரலாளரின் உழைப்பை நிறுவனங்கள் மதிப்பிட்டு வந்தன. 1988 இல் கணினிக் கல்வி பற்றி எழுதிய கட்டுரையில், வரிகளை எண்ணத்தான் வேண்டும் என்றால் அவற்றை வரவுப் பக்கத்தில் அன்றிச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று வாதிட்டார். எழுதி முடித்தபின் சிக்கலை அளந்து குறைப்பதைவிட, நிரலையும் அது சரி என்பதற்கான நிறுவலையும் கைகோத்து வளர்ப்பதே அவர் விரும்பிய முறை. 1976 இல் வெளிவந்த நிரலாக்க ஒழுங்கு பற்றிய அவரது நூல் இம்முறையை விரித்துரைக்கிறது. பெரிய நிறுவனங்களில் இது பரவலாகவில்லை. அளவைகளோ இன்று நிரல் ஆய்வுக் கருவிகள் பலவற்றில் இடம்பெற்றுள்ளன.

பிற்காலம்

1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராக நூனன் என்னும் ஊரில் தம் வீட்டிலிருந்தே பணியாற்றினார். 1984 இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற மணி சாண்டியும், கான்பூர்க் கழகத்தில் பயின்ற ஜெயதேவ் மிஸ்ராவும் அப்போது பணியாற்றி வந்தனர். டைக்ஸ்ட்ரா முன்வைத்த உணவருந்தும் மெய்யியலாளர் புதிரை விரிவாக்கி இவ்விருவரும் அதே 1984 இல் கட்டுரை வெளியிட்டனர். டைக்ஸ்ட்ராவின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி 1990 இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுள் மிஸ்ராவும் ஒருவர்.

கணினி அறிவியலாளராயினும் டைக்ஸ்ட்ரா தம் கட்டுரைகளை மைப்பேனாவால் எழுதினார். தம் பெயரின் முதலெழுத்துகளான இ.டபிள்யூ.டி. என்பதுடன் வரிசை எண் இட்டு, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் மேலும் படியெடுத்துப் பரப்புவர். இவ்வாறு 1,300 க்கும் மேற்பட்ட ஆவணங்கள் உருவாயின. அடித்தல் திருத்தல் அரிதான அக்கையெழுத்துப் படிகளை டெக்சாசு பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்துள்ளது.

இவரது விமர்சனங்கள் கடுமையானவை. பேசிக், கோபால் முதலிய மொழிகளைக் கற்பிப்பது மாணவரின் சிந்தனையைக் கெடுக்கும் என்ற அளவுக்கு எழுதினார். இவர் இறுமாப்புடையவர் எனக் கருதியோரும் இருந்தனர். அம்மொழிகளில் எழுதிப் பழகிய பலர் நல்ல நிரலாளர்களாக விளங்கியதை நோக்க, இக்கூற்றுகள் மிகையானவை என்றே கொள்ள வேண்டும்.

1999 இல் ஓய்வு பெற்றார். 2002 தொடக்கத்தில் நூனனுக்குத் திரும்பி, அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று புற்றுநோயால் காலமானார். குழப்பமான நிலையில் தொடங்கினாலும் தானாகவே ஒழுங்குக்குத் திரும்பும் பகிர்ந்தமை அமைப்புகள் பற்றி 1974 இல் இவர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரைக்கு, பகிர்ந்தமை கணித்தல் துறையின் செல்வாக்குமிக்க கட்டுரைக்கான பரிசு அதே 2002 இல் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அப்பரிசு டைக்ஸ்ட்ரா பரிசு எனப் பெயர் மாற்றப்பட்டது.