அலைவரிசைக்கு விலை கேட்டவர்

வைகை அணைக் கரையில் வானொலியைத் திருப்பினால் கொடைக்கானல் பண்பலை 100.5 ஒலிக்கும். அருகிலேயே இன்னொரு நிலையம் அதே அலைவரிசையில் ஒலிபரப்பினால் இரண்டும் இரைச்சலாகிவிடும். யார் ஒலிபரப்புவது, யார் ஒதுங்குவது? இக்கேள்வியை வாழ்நாளெல்லாம் துருவியவர் பொருளியலாளர் ரொனால்டு கோஸ்.

1910இல் லண்டன் புறநகர் ஒன்றில், தந்தி அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கால் வலுவின்மையால் சிறுவயதில் இரும்புத் தாங்கி அணிந்தவர். 1935இல் லண்டன் பொருளியல் பள்ளியில் பொதுச்சேவைத் தொழில்களைக் கற்பிக்கும் பொறுப்பு வந்தது. அவை குறித்த ஆய்வுகள் சொற்பமாக இருந்ததால் குடிநீர், எரிவாயு, மின்சாரம், அஞ்சல், வானொலி ஆகியவற்றின் வரலாற்றைத் தாமே தோண்டியெடுத்தார். பிபிசியின் ஏகபோகத்தை ஆராயும் அவரது நூல் 1950இல் வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் குடியேறினார்.

அங்கே அரசு ஆணையம் ஒன்று, தகுதி பார்த்து, அலைவரிசைகளை இலவசமாக வழங்கிவந்தது. காமராசர் வைகை அணையைத் திறந்துவைத்த அதே 1959இல், உரிமையைத் தெளிவாக வரையறுத்து அலைவரிசையை விலைக்கு விடலாம் என்று கோஸ் எழுதினார். லியோ ஹெர்செல் என்ற சட்ட மாணவர் 1951இலேயே இதைச் சொல்லியிருந்தார். அதற்குக் கோட்பாட்டு வலிமை சேர்த்தவர் கோஸ். ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தபோது, இது வேடிக்கைப் பேச்சா என்றே ஓர் உறுப்பினர் வினவினார். சிகாகோ பொருளியலாளர்களும் முதலில் ஏற்கவில்லை. ஒரே இரவு விருந்தில் ஏறத்தாழ இருபது பேரை அவர் தம் பக்கம் திருப்பினார். அந்த வாதமே 1960இன் புகழ்பெற்ற கட்டுரையானது. 1991இல் நோபல் பரிசும் வந்தது. அமெரிக்கா முதல் அலைக்கற்றை ஏலத்தை நடத்திய 1994இல் அவருக்கு வயது 83.

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் வந்தவருக்கே என்று வழங்கிய 122 உரிமங்களை 2012இல் ரத்துசெய்தது. வேண்டியவருக்கு அள்ளிக்கொடுப்பதைத் தடுக்க ஏலத்தைவிட நல்ல கருவி அரிது. எனினும், ஏலம் காட்டுவது பணவலிமையை, தேவையை அல்ல. சமுதாய வானொலிக்கு ஏலமின்றி உரிமம் தருவது அதனால்தான். வைகை நீரை ஏலம் விட்டால் இராமநாதபுரம் கண்மாய்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?

கோஸும் இதை முற்றிலும் அறியாதவர் அல்லர். பேரத்துக்கே செலவு உண்டு என்பதுதான் அவரது அடிப்படை வாதம். அவர் பெயரால் வழங்கும் தேற்றத்தை ஓதுவோர் அதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான உழவர்கள் மடைக்கு மடை பேரம் பேச முடியாது. எனவே, நீர்வளத் துறை முறைவைத்துத் திறக்கிறது.

சீனப் பொருளாதாரம் குறித்த நூலை நூறு வயதைக் கடந்தபின் சக ஆய்வாளருடன் எழுதி வெளியிட்ட கோஸ், 2013இல் சிகாகோவில் மறைந்தார்.