மெழுகில் நின்ற குரல்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுமென்பது உலகறிந்த செய்தி. நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி, மறுமுனையைக் காதிற் சேர்த்துச் சிறு பிராயத்தில் நானும் அதனைக் கேட்டிருக்கிறேன். பாடுவது மீனன்று, ஊரியே என்று தோணிக்காரர் சாதித்தார். எதுவாயினும், காதை எடுத்த கணமே ஒழிந்துபோகும் ஒலி அது. வாவிக்கு மேற்கே காட்டில் வாழ்ந்த வேடரின் பாட்டும் அவ்வாறே காற்றோடு போய்க்கொண்டிருந்த நாளில், அதனை மெழுகிற் பிடித்துவைக்க வந்தவர் ஒருவர் உண்டு. சார்ல்ஸ் கேப்ரியல் செலிக்மன் என்னும் அவ்வறிஞரின் வரலாற்றையே இங்கு சொல்லப் புகுந்தேன்.

1873ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆந் தேதி இலண்டனில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கற்றது மருத்துவம். நோயாளரோடும் ஆய்வுக்கூடத்தோடும் கழிந்திருக்க வேண்டிய வாழ்வு, 1898இல் திசை திரும்பிற்று. கேம்பிரிட்ஜிலிருந்து அறிஞர் ஹாடன் தலைமையில் டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் புறப்பட்ட குழுவில் அவரும் சேர்ந்துகொண்டார். அக்குழு எடுத்துச்சென்ற கருவிகளுள் எடிசன் கண்ட போனோகிராப்பும் ஒன்று. இசையையும் உளநூலையும் ஒருங்கே பயின்ற சார்ல்ஸ் மையர்ஸ் அப்பயணத்தில் உடனிருந்தார். அந்த நட்பே பின்னாளில் நம் நாட்டு வேடர் இசைக்குப் பயன்பட்டது.

1905இல் பிரெண்டா என்னும் அம்மையாரை மணந்தார். 1907ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் இலங்கை வந்து, அடுத்த ஆண்டிலும் தங்கி, ஊவாவிலும் கிழக்கு மாகாணத்திலும் வேடர் வாழிடங்களைத் தேடி நடந்தனர். பெண்களிடம் பேசிக் குறிப்பெடுப்பதற்கு அம்மையாரின் துணை பெரிதும் உதவியது. கணவர் பெயரால் மட்டும் இவ்வாய்வை வழங்குவது நியாயமன்று என்பது என் கருத்து.

அந்தக் கருவியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வேண்டாத, வில்விசையால் சுழலும் பெட்டி. அதில் செருகிய மெழுகு உருளை. பாடுபவர் கூம்புக் குழலின் வாயருகே முகத்தை வைத்துப் பாட, குரலின் அதிர்வு சிறு தகடொன்றை அசைக்க, அதனோடு பொருந்திய ஊசி மெழுகிற் பள்ளமும் மேடுமாகக் கோடிழுக்கும். ஓருருளை ஏறக்குறைய இரண்டு நிமிடப் பாட்டையே கொள்ளும். மறுபடி கேட்க விரும்பினால் அக்கோட்டின் மீதே ஊசி ஓட வேண்டும். ஓடுந்தோறும் மெழுகு தேயும். வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது. இத்தகைய பொருளை நம் காட்டு வெக்கையிற் காப்பதென்றால் எத்துணைக் கவனம் வேண்டியிருந்திருக்கும்!

பாடியவர்கள் யாவரும் பெயரற்ற வேடர்களாக விடப்படவில்லை. சீதலவன்னியைச் சேர்ந்த ஹந்துனா என்பவர் போன்றோரின் பெயர்கள் 1911இல் வெளிவந்த பெருநூலில் நிற்கின்றன. தாலாட்டும் மந்திரமும், இறந்தோரின் ஆவியை அழைத்து ஆடும் சடங்கும் அதில் உண்டு. உருளைகளைக் கேட்டு இசை பற்றிய அதிகாரத்தை எழுதியவர் மையர்ஸ். இரண்டே சுரங்களில் அமைந்த பாடல்களும் அவற்றுள் உள்ளன என்று அவர் கண்டார். மூன்று சுரப் பாடல்கள் உண்டு; நான்கைந்து சுரங்கள் வரை செல்வனவும் உண்டு. ஏழு சுரத்தில் ஊறிய நம் செவிக்கு இது வறுமையாகத் தோன்றலாம். இரண்டு சுரத்தைக் கொண்டே ஒரு குழந்தையைத் தூங்கவைக்க முடிந்ததே என்று வியப்பவரும் இருக்கலாம். நான் இரண்டாம் கட்சி.

ஒரு மனக்குறையும் எனக்குண்டு. கலப்பற்ற வேடரைத் தேடியதே அவருடைய நோக்கம். வாகரை முதலிய எம் கரையோர ஊர்களில் தமிழ் பேசி, வலைவீசி வாழ்ந்த வேடரை அவர் கலந்துபோனவர்களாகவே கொண்டார். அப்பெருநூலில் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அதிகாரமே. தூய்மையைத் தேடும் இந்தப் பார்வை 1930இல் அவர் எழுதிய ஆப்பிரிக்க இனங்கள் பற்றிய நூலில் இன்னும் கடுமையாயிற்று. அங்குள்ள நாகரிகச் சிறப்புக்களை வெளியிலிருந்து வந்த வெளிர்நிற மக்களுக்கு உரியனவாக்கினார். அக்கொள்கையைப் பிற்கால அறிஞர் தள்ளிவிட்டனர், தள்ளியதே முறை. அவருடைய கண் பிழைத்த இடங்கள் பல. ஆனால் அவர் கொண்டுவந்த மெழுகுக்கு யார் தூயவர், யார் கலந்தவர் என்று தெரியாது. தன் முன் பாடிய குரலை அப்படியே வாங்கிக்கொண்டது.

இலங்கையிலிருந்து மீண்டபின் சூடானில் நெடுங்காலம் ஆய்ந்தார். 1913 முதல் 1934 வரை இலண்டன் பொருளியற் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தார். மலினோவ்ஸ்கியும் எவன்ஸ் பிரிச்சர்டும் அவருடைய மாணவர்கள். முதல் உலகப்போரில் மனம் பேதலித்த வீரருக்கு மருத்துவம் செய்தார், கனவுகளை ஆராய்ந்தார், சீனக் கலைப்பொருள்களைச் சேர்த்தார். 1940 செப்டம்பர் 19இல் ஒக்ஸ்போர்டிற் காலமானார்.

அவர் கொண்டுசென்ற குரல்கள் பிரித்தானிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்தைச் சேர்ந்தன. மையர்ஸின் அதிகாரத்தில் மேனாட்டு முறையிற் குறித்த சுரங்களை எனக்குப் படிக்கத் தெரியாது. இசை பயின்ற நண்பர் ஒருவரை ஒரு மாலை வாவிக்கரைக்கு அழைத்துச்சென்று, அவற்றிலொன்றைப் பாடச் சொன்னேன். மேலும் கீழுமாக இரண்டு சுரங்கள். அவர் பாடி முடிக்க அரை நிமிடமும் ஆகவில்லை. இன்னொரு முறை பாடும்படி கேட்டேன்.