விண்கல்லுக்கு வழக்காடியவர்

வானத்திலிருந்து கல் விழும் என்பதை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதனைக் கண்டதாகச் சொன்னவர் பாமரர் எனப்பட்டார். அவர் சொல்லை நம்பியவர் அவரினும் கீழாக எண்ணப்பட்டார். ஐரோப்பியக் கல்விக் கழகங்கள் உயர்ந்த பீடத்திலிருந்து தந்த விளக்கங்களை ஏற்காது, உழவரும் ஆயரும் சொன்ன சொற்களுக்காக வழக்காடியவர் எர்ன்ஸ்ட் புளோரன்ஸ் பிரீட்ரிக் கிளாட்னி. ஒலியியலின் தந்தை என்று அவரை அறிந்தோர் உண்டு. அவருடைய மற்றொரு பணியே இக்கட்டுரையில் விரித்துரைக்கப்படுகிறது.

கிளாட்னி 1756ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ஜெர்மானிய நிலத்தின் விட்டன்பெர்க் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர், மிகக் கண்டிப்பானவர். மைந்தன் வீட்டைவிட்டு வெளியே செல்வதற்கும் அளவு வைத்திருந்தார். இசையையும் இயற்கையையும் நாடிய இளைஞர், தந்தையின் விருப்பத்திற்கிணங்கச் சட்டம் பயின்று, 1782இல் லைப்சிக் நகரில் பட்டம் பெற்றார். அவ்வாண்டே தந்தையார் மறைந்தார். மைந்தர் சட்ட நூல்களை மூடி வைத்துவிட்டு இயற்பியல் ஆய்வில் இறங்கினார். எனினும் விரும்பாது கற்ற அக்கல்வியே பின்னாளில் அவருக்கு ஒரு பெரும் வெற்றியை ஈட்டித் தந்தது. விரும்பிக் கற்றது மட்டுமே பயன்படும் என்போர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

1787இல் அவர் வெளியிட்ட நூல் ஒலியைக் கண்ணுக்குக் காட்டியது. கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால், மணல் துள்ளி ஓடி, அதிர்வில்லாத கோடுகளில் சென்று அமரும். நம் வீட்டு முற்றத்துக் கோலம் போன்ற வடிவங்கள் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒவ்வொன்றாகத் தோன்றும். அவை இன்றும் கிளாட்னி உருவங்கள் என்றே வழங்குகின்றன. இத்துணைப் புகழ் பெற்றும் எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு நிலையான பதவி தரவில்லை. தாமே ஆக்கிய இசைக்கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, கட்டணம் பெற்று விளக்கவுரையாற்றியே வாழ்ந்தார். கலைஞரை ஒத்த வாழ்க்கை எனலாம்.

அப்பயணங்களுள் ஒன்றில், 1793இல், கோட்டிங்கன் நகரில் லிக்டன்பெர்க் என்னும் அறிஞரைச் சந்தித்தார். வானில் சீறிப் பாயும் தீக்கோளங்கள் பற்றி உரையாடல் எழுந்தது. அவை விண்வெளியிலிருந்து வருவனவாக இருக்கலாமோ என்னும் எண்ணத்தை லிக்டன்பெர்க் கோடிகாட்டினார். கிளாட்னி அத்துடன் விடவில்லை. அந்நகரின் புகழ்பெற்ற நூலகத்தில் மூன்று வாரங்கள் அமர்ந்து, தீக்கோளம் கண்டோரின் குறிப்புகளையும், கல்லும் இரும்பும் வீழ்ந்ததாகச் சொல்லும் பழைய பதிவுகளையும் திரட்டினார்.

அன்று அறிவுலகம் கொண்டிருந்த விளக்கங்கள் யாவை? மண்ணில் கிடந்த கல்லை மின்னல் தாக்கிக் கருக்கியது என்பது ஒன்று. எரிமலை உமிழ்ந்தது என்பது மற்றொன்று. காற்று மண்டலத்திலேயே உறைந்து கட்டியானது என்பது வேறொன்று. பிரான்சில் லூசே என்னும் ஊரில் 1768 செப்டம்பர் 13 அன்று வயலில் வேலை செய்தோர் இடிபோன்ற ஓசை கேட்டு, கல்லொன்று வந்து விழக் கண்டனர். தொட்டபோது அது சுட்டது. பாரிசு அறிவியல் கழகம் அமைத்த ஆய்வுக்குழு அதனைச் சோதித்தது. மின்னல் தாக்கிய கந்தகக் கலப்புக் கல்லே அது, வானத்திலிருந்து வந்ததன்று என்பது தீர்ப்பு. அக்குழுவில் இருந்தவருள் ஒருவர் வேதியியலின் மாமேதை லவாசியே. 1790 சூலையில் அந்நாட்டின் பார்போட்டான் பகுதியில் கற்கள் பொழிந்தபோது, ஊர்த்தலைவரும் நூற்றுக்கணக்கானோரும் கையொப்பமிட்டுச் சான்றளித்தனர். ஓர் ஊராட்சியே கட்டுக்கதைக்குச் சான்றளிப்பதா என்று கற்றோர் இரங்கினர்.

இரக்கம் காட்டியவர்களைக் குறை சொல்வதும் எளிதன்று. மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கம் அவர்களுக்கு இருந்தது. கல் விழுந்ததைச் சொன்ன வாய்களே, அது தெய்வச் சினம் என்றும் இடியின் கோடரி என்றும் சொல்லின. விளக்கம் பிழையென்று கண்ட அறிஞர், காட்சியையும் சேர்த்தே தள்ளிவிட்டனர்.

இங்கேதான் கிளாட்னியின் சட்டக் கல்வி துணைநின்றது. சாட்சி கண்டது வேறு, கண்டதற்கு அவன் கற்பித்துக்கொண்ட காரணம் வேறு என்பது நீதிமன்றத்தின் பாலபாடம். நாடு, மொழி, நூற்றாண்டு ஆகியவற்றால் வேறுபட்ட, ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், ஒரே வகையான ஒளியையும் ஒரே வகையான முழக்கத்தையும் கருமேலோடு படிந்த ஒரே வகையான கல்லையும் சொல்வாராயின், அவர்கள் கூடிப் பேசிப் பொய் புனைந்தனர் என்பது பொருந்தாது. இதுவே அவர் வாதத்தின் உயிர்நிலை. ஆகிராம் நகரருகே 1751இல் இரும்புக்கட்டி வீழ்ந்ததைப் பற்றி, அங்கிருந்த சமய அதிகாரிகள் சாட்சிகளை ஆணையிட்டுச் சொல்லவைத்து எழுதிய ஆவணம் ஒன்றிருந்தது. பிறர் ஏளனம் செய்த அவ்வாவணம் சட்டம் பயின்றவருக்கு மதிப்புடையதாகத் தோன்றியது.

சைபீரியாவில் பல்லாஸ் என்னும் ஆய்வுப் பயணி 1772இல் கண்டெழுதிய ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள இரும்புப் பாறையையும் கிளாட்னி கருத்திற் கொண்டார். அதனை வானத்திலிருந்து வந்த புனிதப் பொருள் என்று அந்நிலத்துத் தார்த்தாரியர் போற்றினர். அருகில் எரிமலை இல்லை. அத்தகைய இரும்பை உருக்கவல்ல உலையும் இல்லை. எனின் அது எங்கிருந்து வந்தது? 1794இல் ரிகாவிலும் லைப்சிக்கிலும் வெளியான 63 பக்கச் சிறுநூலில் அவர் விடை கூறினார்: தீக்கோளமும் விழும் கல்லும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகள், அக்கட்டிகள் விண்வெளியில் திரிவன, பூமியின் காற்றில் மிகு விரைவோடு புகுந்து எரிந்து வீழ்வன.

நூலுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏளனமே. லிக்டன்பெர்க்கே முதலில் அதனை விரும்பவில்லை. ஆனால் வானம் கிளாட்னியின் பக்கம் இருந்தது போலும். அவ்வாண்டு சூன் 16இல் இத்தாலியின் சியனாவில் கற்கள் பொழிந்தன. 1795 டிசம்பர் 13இல் இங்கிலாந்தின் வோல்டு காட்டேஜில் 25 கிலோ எடையுள்ள கல் வீழ்ந்தது. 1798 டிசம்பர் 19இல் நம் காசியே சாட்சியாயிற்று.

காசியிலிருந்து பதினான்கு மைல் தொலைவில், கோமதி ஆற்றங்கரைப் பக்கத்து ஊர் கிராக்குத். இரவு எட்டு மணியளவில் பேரொளியும் இடிமுழக்கமும் தோன்றின. கனத்த பொருள்கள் விழும் ஓசை கேட்டது. தெய்வச் செயலோ என்றஞ்சிய ஊரார் விடியும்வரை வெளியே வரவில்லை. விடிந்தபின் வயல்களில் மண் கிளர்ந்திருந்த இடங்களைத் தோண்டிக் கற்களை எடுத்தனர். காவற்காரன் ஒருவன் நின்றிருந்த இடத்திற்கு அருகே, அவனுடைய குடிசைக் கூரையைத் துளைத்து ஒரு கல் தரையில் புதைந்தது. அவ்வூராரின் வாய்மொழியை ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதியனுப்பினார். எட்வர்டு ஹோவர்டு என்னும் வேதியியலார் 1802இல் லண்டன் அரச கழகத்தில் தம் ஆய்வை வெளியிட்டார். காசிக் கல்லிலும் சியனாக் கல்லிலும் இங்கிலாந்துக் கல்லிலும் நிக்கல் கலந்த இரும்பு இருந்தது. பூமியின் கற்களை அவை ஒத்திருக்கவில்லை. கிராக்குத் காவற்காரனின் சொல்லும் யார்க்‌ஷயர் உழவனின் சொல்லும் ஒரு தராசில் ஏறிச் சமமாக நின்றன. நம் வடுகபட்டிச் சந்தையில் மூட்டையைப் பிரித்துப் பூண்டை அள்ளிப் பாராமல் எவரும் விலை சொல்வதில்லை. ஐரோப்பிய அறிஞர் அவ்வளவே செய்ய இத்தனை ஆண்டுகள் ஆயின.

இறுதி முத்திரை பிரான்சில் விழுந்தது. 1803 ஏப்ரல் 26இல் லேகிள் நகரருகே ஏறத்தாழ 3000 கற்கள் பொழிந்தன. அரசே பியோ என்னும் இளம் அறிஞரை அங்கு அனுப்பியது. அவர் ஊர் ஊராக நடந்து மக்களிடம் வினவி, கற்கள் கிடந்த பரப்பை அளந்து, அத்தகைய கல் அதற்குமுன் அப்பகுதியில் இருந்ததில்லை என்பதையும் உறுதிசெய்து அறிக்கை தந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் உழவரை நம்ப மறுத்த நாடு, உழவரின் வாக்குமூலத்தைக் கொண்டே தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

கவிஞர் பலர் உறுப்பினராயுள்ள நம் வட்டத்தினர்க்கு இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர்கிழார், சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவுக்கு முன்னர் விண்மீன் வீழ்ந்ததைப் பாடுகின்றார். (அப்பெயருடைய ஊர் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் உண்டு, அதனை வைத்து உரிமை கொண்டாட வேண்டுவதில்லை.) வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது, மீன் வீழ்ந்ததற்கும் வேந்தன் இறந்ததற்கும் என்ன தொடர்பு என்று மாணவியர் வினவுவர், வெறும் நிமித்தம் என்று ஒதுக்கவும் முற்படுவர். நிமித்தத்தை ஒதுக்கட்டும். பங்குனியின் முற்பகுதி, நள்ளிரவு, உச்சியினின்று சாய்ந்த மீன், எதிரே எழுந்த மீன், மேற்கே மறைந்த மீன், வீழ்ந்தது சென்ற திசை என்று அப்புலவர் காட்டும் குறிப்புகள் ஒதுக்கத் தக்கனவா? கோட்டிங்கன் நூலகத்தில் இப்பாடலின் மொழிபெயர்ப்பு இருந்திருப்பின், கிளாட்னி அதனை முதல்தரச் சாட்சியமாகப் பதிந்திருப்பார் என்பது என் துணிபு.

இதன் மறுபக்கத்தையும் தமிழகம் கண்டது. 2016 பிப்ரவரி 6 அன்று வாணியம்பாடிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பேரோசையுடன் வெடிப்பு நிகழ்ந்தது; பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். தரையில் பள்ளம் காணப்பட்டது. விண்கல் வீழ்ந்ததே காரணம் என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். குடும்பத்தினர்க்கு ஒரு லட்சம் ரூபாய் உதவியும் அறிவிக்கப்பட்டது. இம்முறை விண்கல் என்றது அரசு. ஐயுற்றவர் மக்களும் அறிவியலாரும். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார், வெளியான படங்களை நோக்கின் அது தரையில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்துள்ளது என்றனர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரும் ஐயம் தெரிவித்தனர். நம் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரின்மேல், கொடைக்கானலில், 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இந்நிறுவனத்தைச் சேர்ந்ததே. வாணியம்பாடியில் ஓசை கேட்டதும் பள்ளம் இருந்ததும் காட்சி. விண்கல் என்பது விளக்கம். பட்டப்பகலில் தீக்கோளம் எத்தனை ஊர்களில் தெரிந்தது, முழக்கம் எவ்வளவு தொலைவு கேட்டது, கல்லின்மேல் கருமேலோடு உண்டா என்பனவே கிளாட்னி கேட்டிருக்கக்கூடிய வினாக்கள். லூசேயில் கழகத்தின் விளக்கத்தை ஐயுற வைத்த அதே வினாக்கள் இங்கு அரசின் விளக்கத்தை ஐயுற வைத்தன. ஓட்டுநரின் குடும்பத்தினர்க்கு இது வெறும் அறிவியல் ஐயமன்று. அவர் எதனால் இறந்தார் என்னும் கேள்வி.

கிளாட்னியின் பிற்கால வாழ்வு மீண்டும் இசையோடு சென்றது. 1809இல் பாரிசில் நெப்போலியனுக்கு முன் மணல் உருவங்களைக் காட்டினார். வியந்த பேரரசர், கிளாட்னியின் ஒலியியல் நூல் பிரெஞ்சில் வெளிவர 6000 பிராங்கு அளித்தார். உருவங்களின் கணிதத்தை விளக்குவோருக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது. மும்முறை முயன்று 1816இல் அதனை வென்றவர் சோபி ஜெர்மேன் என்னும் பெண்மணி. பெண் என்பதால் கல்லூரியில் இடம் பெறாது, ஆடவர் பெயரில் கடிதம் எழுதிக் கணிதம் கற்றவர். சொல்பவர் யார் என்று பார்த்துச் சொல்லை ஒதுக்கும் வழக்கம் உழவரோடு நின்றுவிடவில்லை.

1819இல் தீக்கோளங்களையும் அவற்றோடு வீழ்ந்த பொருள்களையும் பற்றிய பெருநூலை வியன்னாவில் வெளியிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்தென்று பெரிதாக ஏதுமில்லை. ஈட்டிய பொருளில் வீழ்கற்களைத் தேடிச் சேர்த்தார். 1827 ஏப்ரல் 3ஆம் நாள், விளக்கவுரையாற்றச் சென்ற பிரெஸ்லாவ் நகரில் எழுபதாம் அகவையில் உயிர்நீத்தார். அவர் சேர்த்த கற்கள் அவர் விருப்பப்படியே பெர்லின் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன.

அதற்குப்பின் முப்பதாம் ஆண்டில், 1857 பிப்ரவரி 28 அன்று நண்பகலில், நம் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தின் தென்பால் இரு கற்கள் வீழ்ந்தன. மொத்த எடை 77 கிலோவுக்கு மேல். பார்னல்லி என்னும் பெயரில் அவை விண்கற்களின் பட்டியலில் ஏறின. பெரிய கல் லண்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. கண்டோம் என்ற ஊராரைப் பார்த்து இம்முறை எவரும் நகைக்கவில்லை.