உப்புக்காத்தும் ஜகதீஷ் சந்திர போஸும்

குளச்சல்ல உங்க வீட்டு மாடி பாத்ரூம்ல ஒரு ஸ்மார்ட் கீசர் இருக்குன்னு வைங்க. காலேஜ் பஸ்ல ஏறும்போதே போன்ல ஆன் பண்ணிட்டா, வீடு வந்து சேரும்போது வெந்நீர் ரெடி. கொஞ்ச மாசம் ஒழுங்கா ஓடும். அப்புறம் ஒருநாள் ஆப்பைத் திறந்தா ‘ஆஃப்லைன்’. உடனே என்ன செய்வோம்? ரூட்டருக்குப் பவர் பத்தலன்னு முடிவு பண்ணி பூஸ்டர் வாங்குவோம். எங்க வீட்டுல அப்படி வாங்கின ரெண்டு பூஸ்டர் சும்மா கிடக்கு மக்கா.

அலை வந்து சேருது, ஆனா கருவி அதைக் கேக்க மாட்டேங்குது. இந்தத் தலைவலியை நமக்கு முன்னாடியே, 1890-கள்ல, கல்கத்தாவில் பட்டவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஆனா அவர் பூஸ்டர் பக்கம் போகல. கேக்காத காதைத்தான் முதல்ல பிரிச்சுப் பார்த்தார்.

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, இன்றைய வங்கதேசத்தில். அப்பா அரசாங்கத்தில் உயர்ந்த வேலை. ஆனாலும் பையனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பாம முதல்ல வங்காளப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்த பையன்களில் ஒருத்தன் மீனவர் மகன். அவன் சொன்ன நீர்வாழ் உயிரினக் கதைகளை வாயைப் பிளந்து கேட்டதைப் பெரிய விஞ்ஞானியான பிறகும் போஸ் மறக்கல. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியும். கடலைப் பத்தி வள்ளத்துல போனவங்க வீட்டுப் பிள்ளைக்குத் தெரியறது எந்த டெக்ஸ்ட் புக்லயும் கிடையாதுல்ல!

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். லண்டனில் மருத்துவம் படிக்கப் போனார், உடம்பு ஒத்துக்கல. கேம்பிரிட்ஜுக்கு மாறி, ராலே பிரபுவிடம் இயற்பியல் படிச்சார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைச்சது. அதே வேலை பார்க்கிற வெள்ளைக்காரருக்குக் கிடைக்கிறதில் மூணில் ரெண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். போஸுக்குத் தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. அவர் சண்டை போடல, வேலையையும் விடல. மூணு வருஷம் ஒரு ரூபாய்கூடத் தொடாம பாடம் மட்டும் நடத்தினார். அப்பாவுக்கு இருந்த கடனும் அவர் தலையில்தான் இருந்தது, யோசிச்சுப் பாருங்க. கடைசியில் கல்லூரி இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோட கொடுத்தது.

ஆய்வுக்கென்று அவருக்குக் கிடைச்சது ஒரு சின்ன அறை. கருவிகளை உள்ளூர்த் தகரத் தொழிலாளியை வச்சுச் செஞ்சுக்கிட்டார். 1895-ல் கல்கத்தா டவுன்ஹாலில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பியே இல்லாம மணியை அடிச்சு, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். அதுக்கப்புறம் இன்னும் நுணுக்கமா இறங்கி, 5 மில்லிமீட்டர் நீளம் வரைக்கும் குட்டி அலைகளை உருவாக்கினார். கணக்குப் போட்டா 60 கிகாஹெர்ட்ஸ்! நம்ம வீட்டு வைஃபை 2.4-ல் ஓடினா அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நீள அலைக்குப் பிரம்மாண்டமான கருவி வேணும், குட்டி அலைன்னா எல்லாம் ஒரு மேசை மேல அடங்கிடும். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தகடு செருகி அலையை வடிகட்டினார். முறுக்கின சணல் கட்டை வச்சு அலையின் தளத்தைத் திருப்பினார். நம்ம லேப்ல கேபிள் ஒண்ணு குறைஞ்சாலே எக்ஸ்பெரிமெண்டைத் தள்ளி வைக்கிறோம்.

இப்ப காது விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கு ரிசீவர்னா ‘கோஹீரர்’. கண்ணாடிக் குழாய்க்குள்ள உலோகத் தூள். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கிட்டு மின்சாரத்தை விடும். ஒட்டினது தானா பிரியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு தட்டணும். போதாக்குறைக்கு கல்கத்தாவின் புழுக்கமும் ஈரமும். நல்லா வேலை செஞ்ச கருவி ஒரு நேரம் கேக்கும், ஒரு நேரம் கேக்காது.

பலரும் அலையைப் பலமாக்கப் பார்த்த காலம் அது. போஸ் தூளையே தூக்கிப் போட்டார். பதிலுக்குச் சின்னச் சின்ன உலோகச் சுருள்களை வரிசையா அடுக்கினார். மேல கோபால்ட் பூச்சு. சுருள்கள் எவ்வளவு அழுத்தமா ஒட்டணும்னு திருகால் மாத்தலாம், மின்னழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அடுத்து இரும்பும் பாதரசமும் சேர்த்து, தட்டாமலே தானா மீளும் கோஹீரர். அதை 1899-ல் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலை மார்க்கோனி கேட்டதும் ஒரு பாதரசக் கோஹீரரில்தான். அதன் மூலம் போஸின் கருவிதான் என்று 1998-ல் ஐஇஇஇ இதழில் ஒரு ஆய்வுக்கட்டுரை வாதாடிச்சு.

காப்புரிமையில் அவருக்கு ஆசையில்லை. நண்பர்கள் விடாம வற்புறுத்தினதால்தான் கலீனா படிக உணர்விக்கு 1901-ல் விண்ணப்பம் போனது, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வந்தது. அதை வச்சுக் காசு பார்க்கவே இல்லை. இது பெருந்தன்மையா, நஷ்டமா? எனக்கு ரெண்டும்தான்னு தோணுது. கருவி தயாரிக்கிற தொழிற்சாலை ஒண்ணு அன்னைக்கே இங்க வந்திருக்கலாமே.

தொடர்ந்து வேலை வாங்கினா கோஹீரர் சோர்ந்து போறதையும், ஓய்வு கொடுத்தா தேறுறதையும் அவர் கவனிச்சார். அந்தச் சந்தேகம்தான் அவரைச் செடிகள் பக்கம் இழுத்துட்டுப் போச்சு. மிச்ச வாழ்க்கை பெரும்பாலும் அங்கேதான். 1917-ல் தன் பிறந்தநாளிலேயே கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் இறந்தார்.

எங்க கீசர் கதை? மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனை வச்சு மூடியைத் திறந்தோம். ஆன்டெனா ஒயர் சேர்ற இடத்துல பாசி மாதிரி பச்சையா களிம்பு. கடல் எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரம்தான். துடைச்சு மாட்டினதும் போன்ல ‘ஆன்லைன்’னு வந்துச்சு.